மெஷினை நிறுத்து

துக்கத்துக்கு வந்த ஆட்கள் உட்கார இடம் வேண்டுமென்று அப்பாவின் கட்டிலை நகர்த்தினார்கள். மகள் மட்டும் குனிந்து, ஆக்சிஜன் மெஷினின் வயரைச் சுவரோரமாகத் தடவிக்கொண்டே போனாள். பிளக் கழன்று தரையில் கிடந்தது.

"யார் பிடுங்கினது?"

"நான்தான்," என்றாள் அம்மா. "நேத்து சாயங்காலம் உங்கண்ணன் போன் பண்ணி, மெஷின நிறுத்துன்னான். சத்தம் அடங்கினதும் மனுஷன் அசந்து தூங்கினார். அப்படியே..."



அண்ணனுக்கு வீட்டில் மீட்டர் என்று பெயர். புது மீட்டர் வந்ததிலிருந்து பகலில் மின்கட்டணம் மலிவு, பொழுது சாய்ந்தால் இரட்டிப்பு. அதற்கு அவன் வைத்த பெயர் கொள்ளை நேரம். அப்போது யாராவது இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் வீடு இரண்டுபடும். 'கொள்ளை நேரத்துல இருமவே பயமா இருக்கு' என்று அப்பா சிரிப்பார்.

அந்த மூச்சையும் கணக்குப் பார்த்துவிட்டானா? காலையில் அவள் வந்து இறங்கியதிலிருந்து அவன் நேருக்கு நேர் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வீங்கிய கண்கள்கூட வேஷமாகத் தெரிந்தன.

கொல்லைப்பக்கம் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நேத்து மெஷின நிறுத்தச் சொன்னியா?"

"ஆமா. துணி துவைக்கிற மெஷின. லேட்டாப் போட்டிருக்கேன்னு அம்மா சொன்னாங்க."

"நல்லா விடுறே கதை. துணி மெஷின்னு சொன்னியா, வெறும் மெஷின்னு சொன்னியா?"

"போன மாசம் வரைக்கும் இந்த வீட்ல ஒரே மெஷின்தானே பாப்பா இருந்துச்சு," என்றான்.

அங்கிருந்த வாஷிங் மெஷினின் மூடியைத் தூக்கினான். யாரும் நிறுத்தாமல் கடைசிவரை ஓடியிருந்தது. பிழிந்து முடித்த துணிகள் மெஷினின் உள்சுவரோடு ஒட்டிக் கிடந்தன.

அம்மா கதவருகே வந்து நின்றாள். "ஏண்டா, டாக்டரக் கேட்டுட்டுத்தானே நிறுத்தச் சொன்னே?"

மகள் அண்ணனைப் பார்த்தாள். அவன் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுட்டுத்தாம்மா."

"அதான பாத்தேன்," என்று அம்மா உள்ளே திரும்பினாள்.

அவன் அப்பாவின் போர்வையை உருவினான். அது மற்ற துணிகளோடு முறுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மகள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.