எட்டு வேட்பாளர்களும் ஒரு வீடும்

ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர்களுக்கு மீன் பெயர் வைத்தது விதாத்தின் யோசனைதான். ஆளைப் பார்க்காதீர்கள், அவர் சொல்வதைப் பார்த்து ஓட்டுப் போடுங்கள் என்று மஹ்தியா என்ற அந்தத் துறைமுக ஊர்க்காரர்களிடம் தொண்டை வற்றக் கத்தினாலும் காதில் ஏறாது. பெயரைச் சொன்னவுடன் ஒருவன் கை தட்டுவான், இன்னொருவன் காறித் துப்புவான், கொள்கைப் பேச்சு அதோடு தீர்ந்தது. அதனால் அவளுடைய வாக்காளர் விழிப்புணர்வுச் சங்கத்தார் ஒரு தாள் தயாரித்தார்கள். நின்றவர்களில் ஓரளவு ஆள்பலம் உள்ள எட்டுப் பேரை மட்டும் எடுத்து, எட்டுக் கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்களை வரிசையாகப் போட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மத்தி, சூரை, கலவா, கொடுவா, மடவை, விலாங்கு, கணவாய், பேய்க்கணவாய் என்று எழுதிவிட்டாள் விதாத். எந்த மீன் எந்த ஆள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். படிப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் தனக்குப் பிடித்த பதிலின் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

துறைமுகத்துக் காபிக் கடையில் முதலில் கொடுத்துப் பார்த்தாள். ஆயுசு முழுக்க மீனோடு மல்லுக்கட்டியவர்களிடம் மீன் பெயரை நீட்டினால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். விலாங்கு என்ன சொன்னாலும் சரி, அதற்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று ஒருவன் எழுந்தே போய்விட்டான். கலவாவைப் பார்த்த இன்னொருவன், இந்த விலைக்கு எவன் வாங்குவான் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான். ரொட்டி மானியத்தைப் பற்றியோ, வெளிநாட்டுக் கடனைப் பற்றியோ ஒருவனும் வாய் திறக்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் அப்பாவையும் மாமாவையும் உட்கார வைத்தாள். இடம், அவளுடைய மழலையர் பள்ளிக் கூடம். வீட்டின் முன்பாதி பள்ளி, பின்பாதியில் அவளும் அப்பாவும். முன்பக்கம் காற்று வரும் என்பதால் விடுமுறை நாளில் கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸ் தட்டை அங்கேயே கொண்டுவந்து விடுவார்கள். இரண்டு கிழவர்களும் நாலு வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா அம்மார் மீன் டப்பா ஆலையில் முப்பது வருஷம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். வேலை நிறுத்தத்துக்காக இரண்டு முறை சிறைக்குப் போனவர். ஆணும் பெண்ணும் சமம் என்று ஆலை வாசலில் பேசிப் பேசியே குரல் கட்டைக் குரலாகிப் போனது. மாமா ஷாத்லி, விதாத்தின் இறந்துபோன அம்மாவுக்குத் தம்பி, கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவர். ஐந்து வேளைத் தொழுகை தவறாது. மச்சினனின் அரசியலை அவர் நாற்பது வருஷமாகத் திட்டி வருகிறார், மச்சினனும் அவருடைய தாடியை அதே அளவுக்குக் கேலி செய்து வருகிறார்.

"இந்த மடவை யாருன்னு மட்டும் சொல்லும்மா," என்றார் அம்மார்.

"சொல்லிட்டா அப்புறம் தாளு எதுக்கு பாபா?"

"பேய்க்கணவாய் யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஷாத்லி. "எட்டுக் கையால அள்ளுறவன் ஊருக்கே தெரியுமே."

"அது உங்க ஆளாக்கூட இருக்கலாம் மாமா. பேசாம டிக் பண்ணுங்க."

அம்மார் சிரித்தார். "கத்தி பிடிச்ச கையி, பேனா பிடிச்சா நடுங்குது பாரு."

"கத்தி நடுங்குனா உனக்குக் கழுத்து இருக்காது மச்சான்," என்றார் ஷாத்லி. அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அம்மாரின் சிரிப்பும் சட்டென்று நின்றது. விதாத் அதைக் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய கண் எல்லாம் ஐந்தாவது கேள்வியில்தான் இருந்தது. ரொட்டி விலை, மருத்துவமனை, பட்டதாரிகளுக்கு அரசு வேலை எல்லாம் நாட்டுக்கு வேண்டியவை, சரி. ஐந்தாவது அவளுக்கு வேண்டியது. அப்பன் சொத்தில் மகளுக்கு எவ்வளவு? எட்டில் மூன்று பேர் சரிபாதி என்றார்கள். ஒருவர் சரிபாதிதான், ஆனால் அப்பன் வேண்டாம் என்று எழுதி வைத்தால் பழைய முறை என்று நழுவினார். மிச்ச நால்வர் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும், மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்றார்கள்.

விதாத்துக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் நிஸார் பதினேழு வருஷமாக சிசிலியில் இருக்கிறான். அப்பாவுக்கு எழுபத்தெட்டு, போன குளிர்காலத்தில் இருதயம் ஒருமுறை பயமுறுத்திவிட்டது. பழைய கணக்கில் இந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அவளுக்கு. அதை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பாள்? பாதி கிடைத்தால் முன்பக்கம் பள்ளி நிற்கும், அண்ணன் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான். இதை அவள் அப்பாவிடம் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை, கேட்க வேண்டிய ஆளா அவர் என்று நினைத்திருந்தாள்.

அம்மாரின் பேனா ஐந்தாவது கேள்விக்கு வந்தது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. சரிபாதி என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் விழுந்தது. விதாத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எழுந்துபோய் அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்தாள்.

"எதுக்கு இப்ப?" என்றார் அவர்.

"சும்மாதான்."

பிறகு மாமாவின் தாளைப் பார்த்தாள். ஐந்தாவதில் பழைய முறை என்று டிக் போட்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலை விமர்சிக்கக் கூடாது என்று சங்கத்தில் விதியே வைத்திருந்தார்கள், விதியை எழுதியவளும் அவள்தான். எல்லாம் காற்றில் போயிற்று.

"ஏன் மாமா, பாபாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் தெருவுல உக்காரணுமா?"

"அது இறைவன் சொன்ன பங்கு விதாத். நான் சொல்லல."

"இறைவன் பேரைச் சொல்லிக்கிட்டு எங்க வயித்துல அடிக்கறது உங்களை மாதிரி ஆளுங்கதான். உங்க அக்கா பொண்ணு நான். அம்மா இருந்து இதைப் பாத்திருந்தா உங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்க மாட்டாங்க."

ஷாத்லியின் முகம் வெளுத்துவிட்டது. அக்காவை இழுத்ததுதான் அவருக்குத் தைத்தது. தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். மெதுவாக மச்சினன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அம்மார் தட்டில் மிஞ்சியிருந்த பூசணித் துண்டைக் கரண்டியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லணும்?" என்றாள் விதாத்.

"சவரம் பண்ணிக்க வந்தவன் நாற்காலியில உக்காந்து சொன்னதை நான் வெளிய விட்டதில்ல," என்றார் ஷாத்லி. "ஆறு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப என்னையே நீ கொள்ளைக்காரன்ங்கறே. மார்ச் மாசம் உங்கப்பன் என் கடை மாடியில இருக்கற நோட்டரிகிட்ட போனான். இந்த வீட்டை முழுசா நிஸாருக்குத் தானமா எழுதிக் குடுத்துட்டான். எழுதிட்டுக் கீழ இறங்கி என்கிட்டயே சவரத்துக்கு வந்தான். பாதி முகத்துல நுரை இருக்கும்போது சொன்னான். மீதிப் பாதியை நான் வழிக்கல, எழுந்து போடான்னுட்டேன்."

விதாத் அப்பாவைப் பார்த்தாள். இல்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். மாமாவை ஒரு போடு போடுவார், இருவரும் வழக்கம்போலச் சண்டை பிடிப்பார்கள் என்று காத்திருந்தாள். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"எந்த நாள்?" என்றாள்.

"நீதாம்மா வண்டியில கூட்டிட்டு வந்தே," என்றார் ஷாத்லி.

அந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. ஓய்வூதியத் தாளில் ஒரு கையெழுத்து என்று அப்பா சொன்ன நாள். மாடிப்படி ஏற அவருக்குத் தோள் கொடுத்ததே அவள்தான். கீழே வண்டியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். ஒரு கன்னத்தில் வெள்ளை முடியும் ஒரு கன்னம் மழமழவென்றும் வந்தவரைப் பார்த்து, மாமாவுடன் அரசியல் சண்டை போலிருக்கிறது என்று சிரித்தாள். அவர் கையில் சூரை மீனும் முட்டையும் வைத்த பொரித்த ரொட்டி இருந்தது, அவளுக்காக வாங்கியது. ஹரீஸா மிளகாய் விழுதைக் கூடுதலாகத் தடவச் சொல்லியிருந்தார், அவளுக்குக் காரம் பிடிக்கும் என்று. அதை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு விரலைக்கூட நக்கினாள்.

"பாபா."

"நிஸார் திரும்பி வரேன்னான்," என்றார் அம்மார். "வந்து நிக்க எனக்குன்னு ஒரு வீடு இருந்தா வரேன்னான். பதினேழு வருஷம் ஆச்சு. ஒரே பையன். அவன் கையால மண்ணு விழணும்னு ஆசைப்படறது தப்பா? உன்னை வெளிய அனுப்ப மாட்டேன்னு போன்ல சத்தியம் பண்ணியிருக்கான்."

"வந்தானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்ப இது?" அவருடைய தாளை எடுத்து ஐந்தாவது கேள்வியைக் காட்டினாள். "இப்பத்தானே பாபா டிக் பண்ணினீங்க. மை கூடக் காயல."

"அது பொய் இல்ல," என்றார் அம்மார். கட்டைக் குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "பொண்ணுக்குப் பாதி குடுக்கணும். சட்டமே வரணும். நாப்பது வருஷமா அதைத்தான் சொல்றேன், சாகற வரைக்கும் அதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்."

"அந்தச் சட்டம் வந்தா எனக்கு என்ன கிடைக்கும்? பங்கு போடறதுக்கு இங்க என்ன இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார், பாவம்.

"மத்தவங்க பொண்ணுங்களுக்குக் கிடைக்குமே," என்றார்.

ஷாத்லி எழுந்துபோய், பிள்ளைகள் சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"நான் சொல்ற கணக்குல உனக்கு மூணுல ஒண்ணு," என்றார் அவர் அவளிடம், தணிந்த குரலில். "அது உன்னுது. அதுல கை வைக்க அப்பனுக்கும் உரிமையில்லன்னுதான் அன்னிக்கு அவனை எழுப்பி விட்டேன்."

விதாத்துக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. ஒரு வாரமாக எட்டு வேட்பாளர்களின் அலுவலகங்களுக்கும் போன் போட்டு, யார் நல்லவர், யார் கெட்டவர் என்று மனதுக்குள் பிரித்து வைத்திருந்தாள். எந்த வேட்பாளனைக் கண்டாலே அவளுக்கு ஆகாதோ, எவனுக்கு விலாங்கு என்று வேண்டுமென்றே பெயர் வைத்தாளோ, அவன் பக்கம் நிற்கிற மனிதர்தான் அவள் பங்குக்காக நாற்பது வருஷ உறவை முறித்துக்கொள்ளவும் துணிந்து நிற்கிறார். அவள் தலையில் வைத்துக் கொண்டாடிய அப்பா வாயால் பாதியைக் கொடுத்துவிட்டுக் கையால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அவளால் நம்பவே முடியவில்லை, ஆனால் அவர் மறுக்கவும் இல்லையே.

சிறிய நாற்காலி ஒன்றை இழுத்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பாபா, நான் கோபப்படல. நாளைக்குக் காலையில போலாம். பிள்ளைங்களை உதவிக்கு இருக்கற பொண்ணு பாத்துக்குவா. நோட்டரிகிட்ட போய் என்ன செஞ்சா மாத்தலாம்னு கேப்போம். பாதி வேண்டாம். மாமா சொல்றது போதும். மூணுல ஒண்ணு. வரீங்களா?"

அம்மார் அவளை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. கை நீட்டினார். அவள் கையைப் பிடிக்கத்தான் நீட்டுகிறார் என்று அவளும் நீட்டினாள்.

அவர் பேனாவை எடுத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து, ஐந்தாவது கேள்வியில் சரிபாதி என்ற கட்டத்து டிக்கை இரண்டு கோடு போட்டு அடித்தார். பழைய முறை என்ற கட்டத்தில் புதிதாக ஒரு டிக் போட்டார். தொழிற்சங்கக் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் செய்தால் பக்கத்தில் கையெழுத்து வைப்பது அவர் வழக்கம். அதையும் செய்துவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"இப்பப் பொய் இல்லல்ல?" என்றார்.

விதாத் தாளைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"இதுவும் பொய்தான் பாபா," என்றாள். "உங்களுக்கு இதுல கட்டமே கிடையாது. எட்டுப் பேரையும் கேட்டேன். பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லைன்னு அதுல ஒருத்தன்கூடச் சொல்லல."

அம்மார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளின் மேல் குனிந்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துத் தேடத் தொடங்கினார்.