எழுபத்தெட்டுக் கிலோ

உலகத்தில் எடை மாறாத பொருள்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, தூர தேசத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு கிலோக் கட்டி. இன்னொன்று, எடை மெஷின் பழுது பார்க்கும் அவர். முதலாவதின் மேல் விஞ்ஞானிகளுக்கு எப்போதோ சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவதின் மேல் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவரை எல்லோரும் எழுபத்தெட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அது வயதல்ல, எடை. வயது ஐம்பத்திரண்டு.

பெரிய எடை மெஷினைச் சரிபார்க்க, இருபது கிலோ இரும்புக் கல் நான்கை அதன் மேல் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். அந்தக் கற்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது முதுகெலும்புக்கு விரோதமான சட்டம் என்பது அவருடைய கட்சி. இருபது வருடங்களுக்கு முன்பு, அன்றுதான் முத்திரை குத்திய புது மெஷின் ஒன்றில் சும்மா ஏறி நின்றார். எழுபத்தெட்டு காட்டியது. அடுத்த வருடமும் எழுபத்தெட்டு. அதற்கு அடுத்த வருடமும் அதே. அன்றோடு இரும்புக் கற்களுக்கு வேலை போயிற்று. கடைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும் பதவி கிடைத்தது.

அதன் பிறகு அவர் வெறுங்கையோடு போவார். செருப்பைக் கழற்றுவார். மெஷின் மேல் ஏறி, நீள ஸ்க்ரூ டிரைவரை முன்னால் இருக்கும் கம்பத்தின் பின்பக்கம் விட்டு, முள் எழுபத்தெட்டில் நிற்கும் வரை திருகைத் திருகுவார். முத்திரை. கையெழுத்து. முடிந்தது.

"கல்லுக்குக் கால் கிடையாது. எனக்கு இருக்கு. கல்லுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். பத்தொன்பது வருடம் எடை ஆய்வாளர் வந்து, தன் கற்களை வைத்துச் சோதித்து, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் லைசென்சைப் புதுப்பித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வருடச் சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவருடைய மெஷின்களில் ஏதாவது மூன்றை எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்று தப்பினாலும் முத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதைப் பற்றி எழுபத்தெட்டு கவலைப்படவில்லை. கட்டி கவலைப்படுமா?

அவர் கவலைப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அவருக்குக் கவலை என்பதே இருக்காது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் பாரில் மூலை நாற்காலி அவருடையது. முதலில் வாரம் ஒரு நாள், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடந்த ஒரு வருடமாக வாரத்துக்கு எட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை மதியமும் சேர்ந்தால் கணக்கு அப்படித்தான் வரும்.

இதற்கும் அவரிடம் தத்துவம் இருந்தது. "பீர் எதுல செய்றாங்க? பார்லி. அது தானியம். ஒயின் எதுல? திராட்சை. அது பழம். ரம்மு கரும்பு. தானியம், பழம், கரும்பு, எல்லாம் ஆச்சு. இதுக்கு மேல தட்டைப் போட்டு உக்காந்து தின்னா அது பேராசை."

பேராசை கூடாது என்று முதலில் காலைச் சாப்பாட்டை விட்டார். பிறகு மதியச் சாப்பாடு தானாகவே விட்டுப் போனது. ராத்திரிக்கு நான்கு வறுத்த கடலை. பசித்தால்தானே.

இந்தத் தத்துவத்துக்கு எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் நர்ஸ். அவனுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவில் தினமும் பருப்பு, கீரை, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை இரண்டு இருக்கும். முட்டையை மேஜையில் தட்டி, ஓட்டை ஒரே சுருளாக உரித்து, உப்புத் தொட்டு, நிதானமாக மென்று தின்பான்.

"பாருடி உன் தம்பியை. ஒரு முட்டையை உரிக்க ரெண்டு நிமிஷம், மெல்ல அஞ்சு நிமிஷம். ஏழு நிமிஷத்துல நான் ஒரு மெஷினுக்கே முத்திரை குத்திடுவேன். கோழிகிட்ட கையேந்திப் பிழைக்கிற உடம்பு அது."

"கையேந்துறதுன்னா கை ஆடாம இருக்கணுமே மாமா" என்பான் அவன், மென்றுகொண்டே.

ஸ்க்ரூ டிரைவர் திருகில் உட்காமல் இரண்டு மூன்று முறை வழுக்கியதை அவன் பார்த்திருக்கிறான். திருகு தேய்ந்துவிட்டது என்று எழுபத்தெட்டு விளக்கம் கொடுத்திருந்தார். அவரிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. பாதத்தில் எறும்பு ஊறுவது போல் இருந்தது, அது செருப்பு. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது, அது பிரஷ். லேசாக இடித்தாலும் கை நீலம் பாய்ந்தது, அது மேஜை. எதுவும் அவர் இல்லை.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். அவளுக்கு வேறொரு சாட்சி கிடைத்திருந்தது.

"என்னங்க, இந்த பேன்ட்டோட தொடையை மூணாவது தடவை பிடிச்சுத் தச்சிருக்கேன்."

"இடுப்பு?"

"இடுப்பு அப்படியேதான் இருக்கு."

"பெல்ட்டுல ஓட்டை மாறிச்சா?"

"மாறல."

"அப்புறம் என்ன, நான் மாறல."

"வயிறு பானை மாதிரி நிக்குது, கால் ரெண்டும் துணி காயப்போடுற கம்பி மாதிரி இருக்கு. பானையைக் கம்பி மேல வச்சா எத்தனை நாள் நிக்கும்?"

அவர் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். கிளினிக்கில் மெஷினுக்கு முத்திரை குத்த வேண்டியிருந்தது.

ஒரு வாரத்தில் கிளினிக்கில் ஒரு கொள்ளைநோய் பரவியது. வந்தவர்கள் எல்லோரும் குண்டாகியிருந்தார்கள். இரண்டு மாதமாக இனிப்பைத் தொடாத பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்பது கிலோ கூடியிருந்தது. அவர் மெஷினை விட்டு இறங்கி, நேரே எதிர்க் கடைக்குப் போய் லட்டு வாங்கித் தின்றார்.

மைத்துனன் கடைக்கு வந்தான். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இருபது கிலோக் கல் ஒன்றை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். கதவு அன்று முழுக்க டமால் டமால் என்று அடித்துக்கொண்டது. சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்து, அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு துண்டுத் தாளை நீட்டினான்.

"மாமா, இருபது கிலோக் கல். பள்ளிக்கூட மெஷின்ல இருபதரை காட்டுது. மாவு மில்லுல இருபத்தொண்ணே முக்கால். ஜிம்முல இருபத்திரண்டரை. எங்க கிளினிக்ல இருபத்து மூணரைக்கும் மேல."

எழுபத்தெட்டு தாளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"இரும்பு துரு பிடிச்சா எடை கூடும்."

"ஒரே பகல்ல மூணரைக் கிலோ துருவா? அதுவும் பள்ளிக்கூடத்துல இருந்து கிளினிக்குக்கு சைக்கிள்ல வர்றதுக்குள்ள?"

"காத்துல ஈரம்."

"சரி. பள்ளிக்கூடத்துல எப்ப முத்திரை குத்துனீங்க?"

"ஜனவரி."

"மில்லு?"

"மார்ச்சு. ஜிம்மு மே. உங்களது போன வாரம்." சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் குரலைத் தாழ்த்தினார். எடை வேலை பார்க்கிறவருக்குக் கணக்கு சீக்கிரம் வரும்.

"எல்லா மெஷினும் சரியாத்தான் வேலை செய்யுது மாமா. நீங்க ஏறி நின்னு, இதுதான் எழுபத்தெட்டுன்னு சொன்னீங்க, அது நம்புச்சு. ஜனவரில நீங்க எழுபத்தாறு. மார்ச்சுல எழுபத்திரண்டு. மே மாசம் அறுபத்தொன்பது. மத்தவங்க மெடிக்கல் ரிப்போர்ட்டை ஃபைல்ல வச்சிருப்பாங்க. நீங்க உங்களோடதை ஊர் முழுக்க முத்திரை குத்தி வச்சிருக்கீங்க."

மனைவி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்து, "இப்ப எவ்வளவுடா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கிளினிக் பூட்டும் நேரம் வரை காத்திருந்து, மூவரும் போனார்கள். நான்கு கற்களையும் மெஷினில் ஏற்றி, எண்பது காட்டும் வரை மைத்துனன் திருகைத் திருப்பினான். கற்களை இறக்கினான். எழுபத்தெட்டு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முள் ஆடியது, யோசித்தது, அறுபத்தாறில் நின்றது.

அவர் இறங்கி, மறுபடி ஏறினார். அறுபத்தாறு. பாக்கெட்டில் இருந்த ஸ்க்ரூ டிரைவரையும் சாவிக்கொத்தையும் வெளியே எடுக்கப் போனவர், எடுத்தால் இன்னும் குறையும் என்று ஞாபகம் வந்து அப்படியே விட்டுவிட்டார்.

"பன்னிரண்டு கிலோ எங்கடா போச்சு?"

"தொடையில, புஜத்துல. சதை மாமா. குடியில வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், சூடு இருக்கும், சத்து இருக்காது. பசியைக் கொன்னுடும். தப்பித் தவறி நாலு வாய் சாப்பிட்டாலும் அதுல இருக்கிற விட்டமினைக் குடல் எடுத்துக்க விடாது. உடம்பு சும்மா இருக்குமா, சதையை எடுத்துத் தின்னுது. காலுல எறும்பு ஊறுதுன்னீங்களே, அது செருப்பு இல்ல, நரம்பு பட்டினி கிடக்குது. வயிறு ஏன் அப்படியே இருக்குன்னு டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். ஈரலையும் பார்க்கணும்."

"இன்னிக்கே நிறுத்திடறேன்."

"அந்த வீரமும் வேணாம். இவ்வளவு குடிச்சவங்க சட்டுனு நிறுத்தினா வலிப்பு கூட வரும். நாளைக்குக் காலையில டாக்டரைப் பாருங்க. அவர் சொல்ற மாதிரி, அவர் கண்ணுல பட்டுக்கிட்டே நிறுத்துங்க."

டாக்டர் ரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் எடுத்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை, இப்போது நிறுத்தினால் திரும்பி வரும் என்றார். விட்டமின் ஊசி போட்டார். கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்து, ஐந்து நாள் காலையும் மாலையும், அதன் பிறகு தினமும் மாலையில் மட்டும் கண் முன்னால் வந்து நிற்கச் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுபத்தெட்டு இப்போது கிளினிக்கின் மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். வாரத்துக்கு ஏழே நாள்.

ஆய்வாளர் வர இன்னும் பன்னிரண்டு நாள்தான், அதற்குள் இருபத்து மூன்று மெஷின்களையும் இரும்பு வைத்துச் சரி செய்ய வேண்டும். முதல் ஐந்து நாள் மைத்துனன் காலை டியூட்டிக்கு முன்னால் கல் தூக்கினான். மனைவி ஸ்க்ரூ டிரைவர் பிடித்தாள். ஊசியில் நூல் கோக்கிற கை, திருகு ஒரு தடவை கூட வழுக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று, "என் தப்பு" என்று சொல்லும் வேலையை மட்டும் பார்த்தார். அது கல்லை விடக் கனமாக இருந்தது.

ஜிம்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய உறுப்பினர்கள் ஒரே காலையில் ஆளுக்குப் பத்துக் கிலோ இளைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியைக்குத்தான் வருத்தம். குழந்தைகளின் எடை கூடியதற்காக வந்த பாராட்டுக் கடிதத்தை அப்போதுதான் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். மாவு மில்காரர் நீண்ட நேரம் திட்டினார். பிறகு, "இந்த ஆறு மாசமா மாவு குறையுதுன்னு சண்டை போட்டவங்ககிட்ட எல்லாம் நான் சண்டை போட்டிருக்கேன். வாங்க, கூட வந்து சொல்லுங்க" என்று வீடு வீடாகக் கூட்டிப்போனார். எழுபத்தெட்டு போனார், சொன்னார்.

ஆறாம் நாள் கை ஆட்டம் குறைந்ததும், தானே ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தார். முட்டி வரை வந்தது. இருபது வருடம் இவர் ஒருவரே நான்கு கற்களுக்குச் சமமாக இருந்தவர். இப்போது ஒன்றுக்கே மூச்சு வாங்கியது. மனைவி கல்லின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு பேரும் தூளி ஆட்டுவது போல் அந்தக் கல்லைப் படியேற்றினார்கள்.

"கல்லுக்குக் கால் கிடையாதுன்னீங்களே" என்றாள் அவள்.

"இப்ப நாலு இருக்கு" என்றார்.

பன்னிரண்டாம் நாள் எடை ஆய்வாளர் வந்தார். கண்டிப்பான அம்மா. மில், பள்ளிக்கூடம், கிளினிக் மூன்றையும் சோதித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மூணும் சரியா இருக்கு. எதை வச்சுப் பார்த்தீங்க?"

"இரும்பை வச்சு."

"முன்னாடி?"

ஆமாம் இல்லை என்று எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். கை, விளக்கம் தேடுவது போல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது. "முன்னாடி நான் ஏறி நின்னேங்க. இந்த வருஷம் எல்லாமே தப்பாப் போச்சு. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். இதுதான் லிஸ்ட்டு."

அந்த அம்மா லிஸ்டை மேலிருந்து கீழ் வரை படித்தார். அதில் மில்காரர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு திட்டும் எழுதியிருந்தது.

"மில்காரர் எல்லாம் சொல்லிட்டார். நீங்க சொல்றீங்களான்னுதான் கேட்டேன். ஆறு மாசத்துக்கு மட்டும் லைசென்ஸ் தர்றேன். சொல்லாம வருவேன்." எழுந்தவர், கடை மெஷினைக் காட்டினார். "ஏறுங்க."

ஏறினார். அறுபத்தேழு. ஸ்க்ரூ டிரைவர் அவர் கையில்தான் இருந்தது, திருகும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆய்வாளர் போன பிறகு கடையில் யாரும் இல்லை. அவர் கதவைப் பாதி சாத்தினார். முட்டுக் கொடுக்கக் கல் இல்லை, அவை வேலைக்குத் திரும்பிவிட்டன, அதனால் காலால் பிடித்துக்கொண்டார். எடைக்கற்கள் வைக்கும் மரப்பெட்டியைத் திறந்தார். அரைக் கிலோக் கல்லுக்கான குழியில், துணியில் சுற்றி ஒன்று இருந்தது. எடுத்து மேஜையில் தட்டினார். ஓடு ஒரே சுருளாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பெட்டியின் மூலையில் மடித்து வைத்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, நிதானமாக மெல்ல ஆரம்பித்தார்.