பதினேழாவது கேள்வி

மருத்துவமனைப் படிவத்தில் பதினாறாவது கேள்வியை முடித்ததும் அவள் நேராகப் பதினெட்டுக்குத் தாவினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினொரு வருஷமாக ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதித்து அளவு எழுதுகிறவள் அவள். வீட்டுக்காரரோ படிக்கிற கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். அதனால் அவள் எண்ணைச் சொல்லி வாசிக்க, அவர் பதில் சொல்ல, அவள் கட்டத்துக்குள் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். தூக்கம் வருகிறதா? சில நாள். பசிக்கிறதா? பசிக்கிறது. திடீர்ச் சத்தம் கேட்டால் பதற்றம் உண்டா? இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்டு என்றார்.

"பதினேழு எங்க?"

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் ஆளை எண்ணியும் பெட்டியை எண்ணியும் பழகியவர். அவரிடம் ஒரு எண்ணை ஒளிப்பது, பூனையிடம் கருவாட்டை ஒளிப்பது போலத்தான். அது சும்மா பொதுவான கேள்வி என்று அவள் சமாளித்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. குரலைத் தாழ்த்தி வாசித்தாள்: 'தாம்பத்திய உறவில் சிரமம் உள்ளதா?' எதிர் பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு முன்னாள் பட்டாளக்காரர் சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். இவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு டிக் அடித்து, படிவத்தை இரண்டாக மடித்துவிட்டார். எந்தக் கட்டத்தில் அடித்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அவர் எல்லையிலிருந்து வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் ஓட்டிய வண்டி கண்ணிவெடியில் ஏறி, பக்கத்தில் இருந்த சமையல்காரர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். இவர் முழங்காலுக்குக் கீழே இரும்புத் தகட்டோடு ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தார். வந்த முதல் வாரத்தில் இரண்டு தடவை அவளை நெருங்கினார். இரண்டு தடவையும் பாதியில் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மூன்றாவது தடவை அவளே கை வைத்தபோது தூக்கிவாரிப்போட்டு அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டார். மறுநாள் கடையில் கதவிடுக்கில் நசுங்கியது என்று சொல்லிச் சமாளித்தாள். அதற்குப் பிறகு, உள்ளே மின்விசிறி சத்தம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. பேருந்துப் பணிமனையில் வேலை கிடைத்தது. மகளுக்கு ஷூ பாலிஷ் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவார். தெருவில் எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார், நல்ல மனுஷன்.

அவள் அழுது ஓய்கிற ரகம் இல்லை. குடைந்து பார்க்கிற ரகம். வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவர் போனைப் பார்த்தாள். வானிலை அறிக்கையும் அக்கா அனுப்பிய காலை வணக்கங்களும்தான் இருந்தன. குறை தன்னிடம்தானோ என்று கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் பார்த்தாள். நாத்தனார் போனில், இரண்டாவதுக்கு வயசு தாண்டுகிறதே என்று இழுத்தபோது, உன் தம்பியைக் கேள் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். இரண்டு மாதம் முன்பு திருப்புளி தேடிப் பரணில் இருந்த கருவிப்பெட்டியைத் திறந்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. மேலே பாயும் குதிரைப் படம். 'ஆண்மைக் குறைவா? ரகசியம் காக்கப்படும்.' உள்ளே கறுப்பாக ஏதோ லேகியம், முக்கால்வாசி காலி. வேண்டாம் என்று நினைக்கிற மனுஷன் இதை ஏன் வாங்கப்போகிறார்? பிறகு, என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். வெல்லப்பாகில் வேப்பெண்ணெய் கலந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் வரை நெஞ்சு படபடவென்று அடித்தது.

டாக்டரம்மா கட்டைக் குரல்காரி. படிவத்தைப் பிரித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். எத்தனை நாளாக என்று, பல்வலியைக் கேட்பது போலக் கேட்டார். அவள் வாயெடுக்கும் முன் இவர், நானூற்றுப் பதினோரு நாள் என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். தான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. களத்திலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள் என்றார். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுத்திருக்கிற மாத்திரை ஒரு காரணமாக இருக்கலாம். அதை மாற்றிப் பார்க்கலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. உடம்பு இன்னும் காவலுக்கு நிற்கிறது. காவலுக்கு நிற்கிற உடம்புக்கு ஆசை வர இடமில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் இவர்.

"ஒரு டப்பா இருக்கு டாக்டர்," என்றாள் அவள். "குதிரைப் படம் போட்டது."

அவர் முகம் செத்துப்போனது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. இவர் அவளையே பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கியபோது, அழுகிறாரோ என்று அவள் பயந்துவிட்டாள். சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தச் சிரிப்பை அவள் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும்.

டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா வீட்டுப்பாடம் கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், தொட்டுக்கொண்டு இருங்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசை வந்தாலும் போகக் கூடாது. பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது.

கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. அவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்திருந்தார், மகள் பள்ளியில். பகல் பதினோரு மணிக்குப் படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டபோது, கல்யாணமான புதிதில்கூட வராத வெட்கம் அவளுக்கு வந்தது. அவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வது போலத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் தோளைத் தொட்டாள். இங்கே பரவாயில்லையா? ம். முழங்கை? ம். உள்ளங்கையால் தொட்டால் நல்லா இருக்கா, விரலால் தொட்டாலா?

"கண்ணாடிக் கடையில கேக்கற மாதிரியே கேக்கற," என்றார். ஆனால் பதில் சொன்னார். உள்ளங்கை.

அவளுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருஷம் வாழ்ந்த உடம்பு. அதில் முழங்காலுக்குக் கீழே புதிதாக ஒரு தழும்பு, மழமழவென்று. அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றார். அதைச் சுற்றித்தான் கூச்சமாம். பிறகு அவள் கை கழுத்தின் இடதுபக்கம் போனபோது உடம்பு மொத்தமும் விறைத்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். மணிக்கட்டை முறுக்கிய அன்றும் இதே பக்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் படுப்பது அவருக்கு இடதுபக்கம்.

"இந்தப் பக்கம் என்னங்க?"

"அந்தக் காது சுத்தமா கேக்காது."

டிஸ்சார்ஜ் சீட்டில் சற்று மந்தம் என்றுதான் எழுதியிருந்தது. வேலைக்கு எடுக்கமாட்டார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

"நல்ல காது தலையணையில அழுந்தியிருக்கும், நீ வர்றது எனக்குத் தெரியாது. பேசினாலும் தெரியாது. திடீர்னு ஒரு கை மட்டும் மேல விழும். வண்டி கவுந்தப்பவும் அப்படித்தான். பக்கத்துல இருந்தவன் கை எம்மேல விழுந்துச்சு. தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுதான் தெரிஞ்சுது."

அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கூடத்துக்குப் போவதற்கு முந்தைய இரவுகளில், விளக்கணைந்த பிறகு அந்தப் பக்கமிருந்து தான் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் மேல கோவமா? வேற யாராவது இருக்காங்களா? என்னைப் பிடிக்கலையா? ஒன்றுக்கும் பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு எத்தனை மாதம் வாழ்ந்துவிட்டாள். எந்தக் கேள்வியும் அவரைப் போய்ச் சேரவேயில்லை.

முகத்தைக் கழுவி, டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். அவர் மடக் மடக்கென்று குடித்தார்.

"அப்பல்லாம் ஏதாவது கேட்டியா எங்கிட்ட?"

"நிறைய."

"இப்ப கேளு."

பழக்கத்தில் கால் இடதுபக்கம்தான் போயிற்று. இரண்டு எட்டு வைத்தவள் நின்று, திரும்பி, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவள் சுற்றி வரும் வரைக்கும் அவர் தலை அவளோடு கூடவே திரும்பியது. தரையில் அவளுடைய ஈரக் கால்தடங்கள், அங்கே ஓரிடத்தில் குழம்பி நின்று, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து இந்தப் பக்கம் வந்திருந்தன. மின்விசிறிக் காற்றில் தூரத்தில் இருந்த தடங்கள் முதலில் காய ஆரம்பித்தன.