பந்தியில் வந்து உட்கார்ந்தவர்

ஐயப்பன்தாங்கல் டெப்போவுக்குப் பின்னால், சந்து திரும்பி உள்ளே போனால், தையல் வகுப்பு என்று போர்டு தொங்கும் ஒரு மாடி வீடு வரும். போர்டு பேருக்குத்தான். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, பெற்றவர்களுக்குப் பயந்து ஓடி வந்த பிள்ளைகள்தான் மேலே இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேம்புலியம்மாள் என்ன வேலை செய்கிறாள் என்று பூந்தமல்லியில் இருக்கும் அவளுடைய சொந்தத் தங்கச்சிக்கே தெரியாது. அப்படி ஒரு கட்டுப்பாடு. அந்த வீட்டுக்குள் யாருக்கும் போன் கிடையாது. எல்லாம் வேம்புலியம்மாளின் பீரோவில் அணைந்து கிடக்கும்.

வாடகை, அரிசி, வக்கீல் எல்லாம் நடேசன் குடும்பத்து அறக்கட்டளையின் செலவு. நடேசனின் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட்டு செய்யும் கம்பெனி நடத்தியவர். தன் கேன்டீனில் எல்லாத் தொழிலாளிகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, தானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். ஒரு மேஸ்திரி இலையை விட்டு எழுந்து போய்விட்டாராம். பெரியவர் விடாமல் பின்னாலேயே போய்ப் பேசி, மறுநாள் அதே மேஸ்திரியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாராம். அந்தக் குடும்பத்தில் பேரக்குழந்தைக்குக்கூட இந்தக் கதை தெரியும். வருஷா வருஷம் பெரியவரின் நினைவு நாளில், தாங்கள் உதவும் இடம் ஏதாவது ஒன்றில் குடும்பத்தோடு வந்து சமபந்தி போடுவார்கள். அறிக்கை கேட்க மாட்டார்கள், போட்டோ எடுக்க மாட்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷம் அது இந்த வீட்டுக்கு வந்தது.

ரேணுகா வாழை இலைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அரியலூர்ப் பக்கத்துப் பெண். விக்ரமைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்ததிலிருந்து, தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றாலே அவள் ஜன்னலை விட்டு விலகிவிடுவாள். விக்ரம் அவளுடைய ஊரின் காலனிப் பையன். இப்போது பூந்தமல்லியில் ஒரு குடோனில் பேக்கிங் வேலை. இன்றைக்கு அரை நாள்தான், சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தான்.

"ரேணுகா, யாரு வந்திருக்காங்க பாரு." நடேசன் படியேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, கலியமூர்த்தி நின்றார். அவளுடைய அப்பா.

கையிலிருந்த இலை வழுக்கித் தொட்டியில் விழுந்தது.

"நாலு தடவை போனேன்மா உங்க வீட்டுக்கு. முதல் தடவை ஒரு வாய் தண்ணி குடுக்கலை. நானும் விடலை. நாலாவது தடவை காபியே வந்துடுச்சு" என்றார் நடேசன். போன மாதம் ஊர் எது, அப்பா பெயர் என்ன என்று அவர் அத்தனை மரியாதையாக விசாரித்தபோது, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னது அவள்தான். இதற்காகக் கேட்கிறார் என்று யார் கண்டது?

கலியமூர்த்தி மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். "தம்பி எங்கம்மா?" என்றார். "வேலைக்குப் போயிருக்கா? எந்த பஸ்ல வரும்?"

"தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் புகுந்துகொண்டாள்.

வேம்புலியம்மாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, பேயறைஞ்சா மாரி நிக்கிறே?"

"எங்கப்பா வந்திருக்காரு, அக்கா."

"எவுரு, அந்த வெள்ளச் சட்டையா? யாரு இட்டாந்தது?"

"அய்யாதான்."

"அய்யா மூளையக் கயட்டி எங்கனா வச்சிட்டாரா?" கரண்டியைக் கீழே வைத்தவள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "கீய காருல இன்னொருத்தன் குந்திகினு கீறான். அவன் யாரு?"

ரேணுகா பார்த்தாள். சித்தப்பா. இன்ஜினை நிறுத்தாமல், வெள்ளைக் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் பந்தி ஆரம்பித்துவிட்டது. நடேசனின் மகள் நிஷா சோறு போட, பேரப்பிள்ளைகள் அப்பளம் வைத்துக்கொண்டு போனார்கள். கலியமூர்த்திக்கு ஒரு பக்கம் யூசுப். அவனும் அவன் மனைவி கஸ்தூரியும் பக்கத்து அறைக்காரர்கள். இன்னொரு பக்கம் துலுக்கானம். கழிவுநீர்க் குழிக்குள் இறங்க மாட்டோம் என்று சங்கம் வைத்துப் போராடும் கிழவர். அந்தச் சங்கத்துக்கும் இதே அறக்கட்டளைதான் உதவுகிறது.

"நைனா, எனுக்குப் பல்லு இல்ல. இத்த நீ துண்ணு" என்று துலுக்கானம் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கலியமூர்த்தியின் இலையில் வைத்தார்.

கதவோரம் நின்ற ரேணுகா அப்பாவின் கையையே பார்த்தாள். காலனி ஆள் வாய் வைத்தது என்று வாசலில் இருந்த பித்தளைச் சொம்பைத் தோட்டத்தில் வீசியவர் அவளுடைய அப்பா. டீக்கடையில் காலனிக்காரர்களுக்கு வைத்திருந்த தனி கிளாஸ் போன பிறகு, அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்தியவர்.

கலியமூர்த்தி அப்பளத்தை நொறுக்கினார். சோற்றில் போட்டுப் பிசைந்தார். நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, "கொஞ்சம் ரசம் விடுங்கம்மா" என்று நிஷாவிடம் கேட்டு வாங்கி, அதையும் உறிஞ்சிக் குடித்தார்.

நடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்துப்போன அப்பாவின் மேஸ்திரியே திரும்பி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்திருக்கும் அவருக்கு.

அவர் முகம் சுளித்து எழுந்திருந்தால்கூட, அது தன் அப்பா என்று ரேணுகா நம்பியிருப்பாள். திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால், காலில் விழுந்து அழுதிருப்பாள். இதையே சாப்பிடத் துணிந்துவிட்ட மனுஷன் இனி எதைத்தான் செய்யத் துணிய மாட்டார்?

நடேசன் கை கழுவ வந்தபோது அவரைச் சமையலறைக்குள் மறித்தாள்.

"அய்யா, அவரை அனுப்பிடுங்கய்யா."

"என்னம்மா நீ. அப்பளத்தைப் பாத்தியா இல்லையா?"

"நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலைய்யா. எந்த பஸ்னுதான் கேட்டாரு."

"மாப்பிள்ளையப் பாக்கணும்னு ஒரு ஆசை."

"அப்ப சித்தப்பா ஏன் கீழயே உக்காந்திருக்காரு?"

"அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். எல்லாரும் ஒரே நாள்ல மாறிடுவாங்களா? பேசிப் பேசித்தான்மா மாத்தணும்."

ரசப் பாத்திரத்தோடு உள்ளே வந்த நிஷா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "அப்பா, இந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டா கூட்டிட்டு வந்தீங்க?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும். பயம்."

"இந்த வீட்டு அட்ரஸை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதானே?"

நடேசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெத்தவருக்குக் கூடவா?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

வேம்புலியம்மாள் இதற்குள் குடோனுக்கு போன் போட்டிருந்தாள். "கெளம்பிட்டானாம்" என்றாள். விக்ரமின் போன் பீரோவுக்குள் கிடந்தது. அவள் தன் போனை ரேணுகாவின் கையில் திணித்தாள். "பின்னாடி படில எறங்கு. டெப்போல போய் நில்லு, பஸ்ஸுலேர்ந்து எறங்கசொல்ல புட்ச்சிடு. இங்க வராத. கேட்டா என் போன எடுத்துகினு தயிர் வாங்கப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்."

"நீங்க, அக்கா?"

"எனுக்கு இன்னா. அந்த யூசுப்பு, கஸ்தூரி, அதுங்களையும் வேற எங்கனா தள்ளணும். இனிமே இது ஊடு இல்ல, தொறந்து கெடக்குற தெரு. போ, நிக்காத."

செருப்பு வாசலில் இருந்தது. வாசலில் கார். வெறுங்காலோடு இறங்கி ஓடினாள். உச்சி வெயிலில் தார் சுட்டது. மெயின் ரோட்டில் எந்த வெள்ளைக் கார் மெதுவாகப் போனாலும் பெட்டிக்கடை மறைவில் ஒதுங்கினாள். பூந்தமல்லிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. இறங்கியவர்களில் அவன் இல்லை. அடுத்ததிலும் இல்லை. முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து போயிருப்பானோ என்று சந்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது பஸ்ஸின் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தான் விக்ரம். கையில் நடேசனின் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு பொட்டலம் மிட்டாய்.

"இங்க என்ன பண்ற? செருப்பு எங்க?"

"எதுவும் பேசாத. எதிர்ப்பக்கம் வா. எந்த பஸ் வந்தாலும் ஏறு."

"ஏன்?"

"அப்பா வந்திருக்காரு. அய்யா கூட்டிட்டு வந்திருக்காரு. பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு."

அவன் நின்றுவிட்டான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"சாப்பிட்டாரா? எல்லார் கூடவுமா? அப்ப... ரேணு, நாம ஊருக்குப் போலாம். எங்கம்மாவப் பாக்கலாம்."

"துலுக்கானம் தாத்தா இலையிலேர்ந்து எடுத்து வச்ச அப்பளத்தச் சாப்பிட்டாரு. ரசம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

அந்த டீக்கடை, அந்தக் கிளாஸ் எல்லாம் விக்ரமுக்குத்தான் அவளைவிட நன்றாகத் தெரியும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"ஒருவேளை நிஜமா மாறியிருந்தா?" என்றான் மெதுவாக.

"தெரியல. இல்லேன்னா உன்னை எங்க போய்த் தேடுவேன்?"

பஸ் வந்தது. ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தபோதுதான் போன் அடித்தது. நடேசன் அய்யா என்று திரையில் வந்தது. எடுத்தாள். பேசியது அய்யா இல்லை.

"பாப்பா." சின்ன வயசில் அப்பா கூப்பிடும் பெயர். "தயிர் வாங்க இவ்வளவு நேரமா? தம்பி எங்க வருது, சொல்லு. நான் போய்க் கூட்டிக்கிறேன்."

பக்கத்தில் விக்ரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வானகரத்துல எறங்குவாருப்பா" என்று வேறு பக்கத்தைச் சொன்னாள்.



"சரி. நீ வெயில்ல நிக்காதம்மா" என்றார் கலியமூர்த்தி. வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாரு?"

சொன்னால், மாறிவிட்டார் என்று நம்பி அவன் இறங்கிவிடுவான். சொல்லாமல் இருந்தால், வெயில்ல நிக்காத என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் மட்டும் சாகும்வரை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். அது எந்த அப்பாவின் வார்த்தை என்று யாரிடம் போய்க் கேட்பது? அவள் போனை அணைத்தாள்.

"எங்கம்மா போணும்?" கண்டக்டர் வந்து நின்றார்.

"இது கடைசியா எங்க போவுது?"

"குத்தம்பாக்கம்."

"அங்கயே குடுங்க."

"உனக்கு ஃப்ரீ. அவருக்குத்தான் டிக்கெட்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் விக்ரமைப் பார்த்தார். அவன் சட்டைப் பையைத் துழாவினான். ரேணுகா, ஜன்னல் வழியே வெளியே தெரியாதபடி குனிந்து உட்காரச் சொல்லி அவன் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.