பத்தாவது பொம்மை

1

இந்தக் கதை ஒரு பொம்மையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கழிவறைக் கதவில் முகமில்லாமல் நிற்குமே, அந்த மாதிரிப் பொம்மை. ஆர்ஹூஸ் நகரக் கல்லூரி ஒன்றில் மக்கள் தொடர்பு படிப்பவர்களுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். எண்களைப் படமாக்கி ஒரே தாளில் விஷயத்தைச் சொல்லும் தகவல்படம்தான் என் ஆயுதம். டென்மார்க்கில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். பன்றிகளைவிட அதிகம், நான் திருத்திய தகவல்படங்கள்.*

(*யாரும் எண்ணிப் பார்க்க வேண்டாம்.)

2

சித்செல் மழையில் நனைந்தபடி வகுப்புக்குள் நுழைந்தபோது அவள் கண்களில்...

(அடித்துவிட்டேன். இந்த ஊரில் நனையாமல் வகுப்புக்கு வந்தவர் யார்?)

மறுபடி. சித்செல் இந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு ஆட்களை அழைக்கத் தகவல்படம் கேட்டிருந்தது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அக்கம்பக்கத்தாரைத் தெரியும் என்றது அவர்கள் கணக்கெடுப்பு. என் விதி எளிது: ஆளுக்கொரு பொம்மை; ஒன்பது பொம்மைக்கு வண்ணம், ஒன்றுக்குச் சாம்பல். கண் நல்ல செய்திக்குப் போக வேண்டும்.

சித்செல் ஒன்பதையும் சாம்பலாக்கிவிட்டு, பத்தாவதை ரத்தச் சிவப்பில், யானை அளவுக்கு வரைந்திருந்தாள்.

3

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் யூட்டே, என் பழைய சிநேகிதி.

"என்னம்மா, நல்ல சேதி கேட்டா இழவு சேதி போட்டிருக்க?"

"ஒன்பது பேர் எப்படியும் வந்துருவாங்க. இந்தப் படம் இவருக்குத்தானே?" என்றாள் சித்செல், சிவப்புப் பொம்மையைக் காட்டி.

"இதைப் பார்த்துட்டு அவர் வருவாரா? இன்னும் இறுக்கிக் கதவைச் சாத்திக்குவார்."

மதிப்பெண்ணைப் பேசி முடிக்க, வழக்கப்படி சித்செல்லைத் தாழ்வாரத்தில் நிற்கவைத்துக் கதவை மூடினோம்.

4

யூட்டேயைக் கொஞ்சம் கெட்டவளாக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. தேர்வு நாளில் எனக்கும் சேர்த்துக் கம்பு ரொட்டியில் முட்டை வைத்துக் கொண்டுவருவாள். எனக்காக இன்னொருவர் சாப்பாடு கட்டுவது அன்றைக்கு மட்டும்தான்.

"ஃபெயில்தான் ஹென்னிங். எவன் வருவான் இதுக்கு?"

"வருவான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஆள் நான்தான்."

யூட்டே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ரிட்டயர் ஆகுற அன்னைக்குக்கூட உன் அளப்பு அடங்கலையே!"

அவளைக் குறை சொல்ல முடியாது. என் பால்கனியிலிருந்து திமிங்கிலம் தெரிகிறது என்று போன வருடம் அவளிடம் சத்தியம் செய்தவன் நான்.

5

முடிவு அ: நானும் சிரித்துவிட்டேன். சித்செல் ஃபெயில்.

(இது எனக்குக் கைவந்த முடிவு. அதனாலேயே வேண்டாம்.)

முடிவு ஆ: நான் சிரிக்கவில்லை.

"அந்தக் குடியிருப்புல நாலாவது மாடி என் வீடு. 'யாரையும் தெரியாது'ன்னு டிக் போட்டது நான்தான், யூட்டே."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"விருந்து என்னைக்கு?"

"இன்னைக்குச் சாயங்காலம்."

"போறியா? விளையாடாம சொல்லு. நீ போனா படம் வேலை செஞ்சிருக்கு. அவ பாஸ்."

முடிவு இ: என் பதில். "                    "

அந்த இடத்தில் எழுதி எழுதி அழித்துவிட்டேன். வாசகரே, நீங்கள் நிரப்புங்கள். அந்தப் பெண் வெளியே நின்றுகொண்டிருக்கிறாள். 'போறேன்' என்று எழுதுவதானால் இன்னொன்றும் எழுதிவிடுங்கள்: நான் யார் பக்கத்தில் உட்காருவேன்?