மாமன் வீட்டுக் கோடி

சுமனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி மறுபடியும் நழுவியது. ஷாமிளா குனிந்து அதை இறுக்கினாள். தம்பிக்குப் பத்தொன்பது வயது. கால்கள் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கால்களைப் போல இருந்தன.

குளிப்பாட்டி முடித்து வெகுநேரமாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பாடையும் தயார். மாமன் கோடி மட்டும்தான் வரவில்லை. தாய்மாமன் கொண்டுவரும் புதுத்துணியைப் போர்த்தாமல் அந்த ரப்பர் தோட்டத்தில் யாரையும் தூக்கியதில்லை. செல்லையா மாமா கொடகவெலயிலிருந்து வரவேண்டும். வருவாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தரம் காய்ச்சினா தோலு பொரிஞ்சிரும் தலைவரே," என்றார் நெருப்பருகே தப்பு மேளத்தை வைத்துக்கொண்டிருந்தவர். தோட்டத் தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி பாதையைப் பார்த்தார்.

உள்ளே அம்மா ஜெயம்மா, சுமனின் நெற்றித் திருநீற்றைச் சரிசெய்தபடி, "அண்ணன் வந்துரும்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கதவு நிலையில் சாய்ந்திருந்த அப்பா மூக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுமன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நடை தளர ஆரம்பித்தது. எத்தனையோ ஆஸ்பத்திரிகள், எத்தனையோ கோயில்கள். நோய்க்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. அவன் வயிற்றில் இருக்கையில் கிரகணத்தன்று ரப்பர் பால் வெட்டப் போனதால் வந்த வினை என்று லயத்தில் அம்மாவைச் சொன்னார்கள். அம்மாவும் அதையே நம்பினாள்.

இந்த வருடம்தான் கொழும்பில் ஒரு டாக்டரம்மா நான்கு பேரிடமும் ரத்தம் எடுத்தார். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததை நகம் அளவான ஒரு சிப்பில் இட்டுப் பார்த்தால், பரம்பரையாக வந்தவை கணினியில் தெரியும் என்றார். முடிவு வந்த அன்று திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று வேறுவேறாக இருக்கவேண்டியவை, சுமனுக்கு ஓரிடத்தில் நெடுகிலும் ஒன்றுபோலவே இருந்தன. தாய் தகப்பன் சொந்தமா என்று சிங்களத்தில் கேட்டார். ஷாமிளா தமிழில் சொன்னாள்.

"எந் தாய்மாமன் மகதான் இது," என்றார் மூக்கையா. பெருமையாகத்தான் சொன்னார்.

நோய் அந்த இடத்தில்தான் இருந்தது. அப்பாவிடம் ஒரு பங்கு, அம்மாவிடம் ஒரு பங்கு. இரண்டும் சுமனிடம் வந்து சேர்ந்துவிட்டன. ஷாமிளாவிடமும் ஒரு பங்கு இருந்தது. அதனால் அவளுக்கு ஒன்றும் வராது, கட்டிக்கொள்பவரிடமும் இருந்தால்தான் பயம், நாலில் ஒரு பிள்ளை தம்பியைப் போலப் பிறக்கலாம் என்றார் டாக்டரம்மா. வரும் வழியில் பஸ்ஸில் அம்மா கிரகணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ஷாமிளாவைச் செல்லையா மாமாவின் மகன் சசிக்குத்தான் என்று எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். அவளும் வேறு யாரையும் நினைத்ததில்லை. சசியின் ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று அப்பா போனில் சொன்னார். தன் மகனுடைய ரத்தத்தில் குறை தேடுகிற வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று மாமா போனை வைத்துவிட்டார். அதற்குப்பிறகு பேச்சில்லை. சசியிடம் அது இருக்காது என்று ஷாமிளா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தூறலில் ஒரு திரீவீல் ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார். பின்னால் பையோடு சசி.

"ரத்னபுரயில பஸ்ஸு நின்னுருச்சு, மச்சான்," என்றார் மாமா.

"மொதல்ல தண்ணி குடிங்க," என்றார் அப்பா.

மாமா உள்ளே வந்து சுமனின் தாடையைத் தொட்டார். "இம்புட்டுத்தானா ஆயிட்ட, மாப்ள," என்றார். அம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கோடி வளர்ந்த ஆளின் அளவுக்கு வாங்கியது. போர்த்தியபோது கால்களைத் தாண்டித் தரையில் விழுந்தது. மடித்துப் போடச் சொன்னாள் ஒரு கிழவி. கோடியை எடுத்து, ஒரு பக்கத்து இரு முனைகளையும் ஷாமிளா பிடித்தாள், மறுபக்கத்து முனைகளைச் சசி. இழுத்து நேராக்கினார்கள். மடிப்பதற்காக அவன் துணியோடு அவளை நோக்கி வந்தான். சுற்றிலும் ஒப்பாரி.

"நானும் ரத்தம் குடுத்தேன்," என்றான் மெதுவாக. "கொழும்புல, அதே டாக்டர்கிட்ட. அப்பாவுக்குத் தெரியாது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும் இருக்கு, ஷாமி."

அவன் விரல்களிலிருந்து துணியின் இரண்டு முனைகளையும் அவள் வாங்கிக்கொண்டாள். தன் கையிலிருந்த முனைகளோடு சேர்த்து, ஓரம் பிசகாமல் நீவினாள். பிறகு குனிந்து, தம்பியின் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள்.