பெட்டியில் நான்கு காலிக் கட்டங்கள்

தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி. கலங்கிய தண்ணீருக்கு மஞ்சள், முதுகில் மட்டும் கறுப்பு. பாறைக் கரைக்குச் செங்கல் சிவப்பு. இந்தக் கணக்கை அத்தானுக்குச் சொன்னவன் நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பாஸ் மீன் பிடிக்கிற பைத்தியம் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வருஷத்தில் பிடித்தது. அந்த மீனுக்கு வாய் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. சும்மா தொங்குகிற புழுவை விட்டுவிட்டு, ஓடுகிற சின்ன மீனைத் துரத்தும். அதனால் பொய்மீன் போடுவோம். விரல் நீளத்தில் கட்டையால் செய்த மீன், வயிற்றில் இரண்டு கொக்கி, வாய்க்குக் கீழே ஒரு தகடு. இழுத்தால் அந்தத் தகடு தண்ணீரில் குத்தி அதை ஆழத்துக்கு இறக்கும். உடம்பை ஆட்டிக்கொண்டே ஓடும். கடையில் கிராங்க்பெய்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். கடைக்காரன் அடித்த நிறம் எனக்குப் பிடிக்காது. வெறும் கட்டையாக வாங்கி வந்து, பட்டறையில் பெட்ரோல் டேங்குகளுக்கு நடுவே கம்பியில் தொங்கவிட்டு நானே அடிப்பேன்.

அத்தான் எதையும் வரிசையாக வைக்கிற மனுஷன். பன்னிரண்டு கட்டம் உள்ள பெட்டி ஒன்று வைத்திருந்தார். நிறத்துக்கு நான்கு கட்டம், ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டு. பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, அன்றைக்குத் தேவையான நிறத்தில் மட்டும் நான்கை எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு போவார். நாங்கள் போகிற நீர்த்தேக்கம் நீளமானது. ஒரு முனையில் அணைச்சுவர், அங்கே தண்ணீர் கண்ணாடி. மறுமுனையில் ஆறு வந்து விழும் இடம், அங்கே எப்போதும் கலங்கல். அதனால் அக்காவுக்கு ஒரு விளையாட்டு. பெட்டியைத் திறந்து எந்தக் கட்டம் காலி என்று பார்ப்பாள். "ஐயா இன்னிக்கு அணைப்பக்கம் சுத்துறார்" என்பாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்தப் பெட்டியில் கை வைத்தால் மட்டும் அத்தானுக்குப் பொறுக்காது. போன வருஷம் ஒரு சிவப்பை எடுத்துத் தொலைத்துவிட்டேன். ஒரு மாதம் என் முகத்தில் விழிக்கவில்லை. அக்கா நடுவில் புகுந்து சமாதானம் செய்தாள். "மாப்ளே, கேட்டா குடுக்க மாட்டேனா? கேட்காம எடுக்காத, அவ்வளவுதான்" என்றார் கடைசியில்.

கேட்காமல்தான் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வெளியூர் போயிருந்தபோது, சாவி என்னிடம் இருந்தது. வெள்ளி நான்கையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தண்ணீருக்குள் கிடந்த மரத்தில் சிக்கி அறுந்து போயின. மிச்சம் இரண்டு என் பட்டறை மேசை டிராயரில். புதிதாக இரண்டு அடித்து நான்காகத் திருப்பி வைத்துவிடலாம் என்று இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். நெஞ்சு உறுத்தியது. உறுத்தலைத் தீர்க்க, வியாழக்கிழமை புதிதாக நான்கு மஞ்சள் அடித்து அவர் கையில் கொடுத்தேன். "அடேயப்பா, என்ன திடீர் பாசம்?" என்று சிரித்துக்கொண்டே நேராகத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா போன் செய்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டியவர் வரவில்லை. போன் அணைந்திருந்தது. பதினொரு மணியிலிருந்து காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அவருடையது ஒற்றை ஆள் உட்காரும் சின்ன ஃபைபர் படகு.

நான் அக்கா வீட்டுக்குப் போனபோது மீட்புப் படை அதிகாரி கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படகு. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக ஐம்பது நிமிடம். கரை நெடுக வண்டி நிறுத்த முப்பது இடம். இந்தக் குளிர் தண்ணீரில் மிதவைச் சட்டை போட்ட ஆள் சில மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் கஷ்டம் என்றார்.

"எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்கம்மா. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அக்கா ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்துத் திறந்தாள். மஞ்சள் நான்கும் இருந்தன. சிவப்பு இருந்தது. வெள்ளிக் கட்டங்கள் நான்கும் காலி. அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"அணைப்பக்கம்! சார், அணைப்பக்கம்தான் போயிருக்கார். வெள்ளியை எடுத்திருக்கார் பாருங்க!" என்னைப் பார்த்தாள். "சொல்லுடா, நீயே சொல்லு."

அந்த வெள்ளியை எடுத்தது நான். இதை அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். என் புத்தி என்ன செய்தது தெரியுமா? எனக்கு வக்கீல் வேலை பார்த்தது. மஞ்சளும் சிவப்பும் பெட்டியிலேயே இருக்கிறதே, அப்படியானால் கலங்கலுக்கும் போகவில்லை, பாறைக்கும் போகவில்லை. எப்படிப் பார்த்தாலும் அணைப்பக்கம்தானே. இதில் என் திருட்டை இப்போது எதற்கு இழுக்க வேண்டும்?

"ஆமா சார். வெள்ளின்னா அணைப்பக்கம்தான்" என்றேன்.

அணையில் படகை இறக்கினார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானின் வேன் எங்கேயும் இல்லை. அலை சுவரில் மோதி மோதித் திரும்பியது. மூன்றாவது சுற்று முடிந்து கரைக்கு வந்த அதிகாரி, "ஏதாவது மிதந்தா அடையாளம் தெரியணும். அவர்கிட்ட என்னென்ன சாமான் இருக்கும்?" என்று கேட்டார்.

"நீலச் சட்டை. ஒரு தகர டப்பா. அதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். அந்த டப்பாவுக்குள் இருந்தது வியாழக்கிழமை நான் அடித்துக் கொடுத்த நான்கு மஞ்சள். பெட்டியில் இருந்தவை பழைய மஞ்சள். இன்று காலை அவர் பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டார். அந்தப் பெட்டியைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான். நான்தான் தப்பாகப் படித்துச் சொன்னேன்.

"சார், இந்தப் பக்கம் இல்ல! ஆத்துப் பக்கம்! புது மஞ்சள் நாலு நான் குடுத்தேன், இப்பத்தான் ஞாபகம் வருது. அதைத்தான் எடுத்துட்டுப் போயிருப்பார்."

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "அப்போ வெள்ளி எங்க போச்சு?"

"தெரியல சார்" என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

படகை மறுபடி வண்டியில் ஏற்றி, அந்த முனைக்குப் போய் இறக்கியபோது ஐந்தரை மணி. வேன் அங்கே புதருக்குப் பக்கத்தில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. கவிழ்ந்த படகோடு தன்னைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியபடி கிடந்தார் அத்தான். முடிச்சுகூட நேர்த்தியாக இருந்தது. தூண்டில் நுனியில் என் மஞ்சள் ஒன்று தொங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, "உயிர் போய் ரொம்ப நேரம் ஆகல. ஒரு மணி நேரம் முன்னாடி கெடைச்சிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "என் தம்பி ஞாபகம் வெச்சு சொன்னதாலதான் உடம்பாவது கெடைச்சுது. இல்லைன்னா அதுவும் இல்ல." அவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அத்தானின் சாமான்களைக் கொடுத்தனுப்பினார்கள். அக்கா சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்துத் தகர டப்பாவைத் திறந்தாள். எல்லாவற்றையும் அவர் வைத்தபடியே வைத்து மூடிவிட வேண்டும் என்றாள். ஒரு மஞ்சளைத் துணியால் துடைத்துக் கட்டத்தில் வைக்கப் போனவள் நின்றாள். நான்கு மஞ்சள் கட்டமும் நிறைந்திருந்தன.

"நீ குடுத்தது நாலும் இங்க. பழசு நாலும் இங்க." மெதுவாக எண்ணினாள். விரல் அடுத்த வரிசைக்கு நகர்ந்து, காலிக் கட்டத்தின் அடியைத் தடவியது. "அப்போ வெள்ளியை அவர் எடுக்கவே இல்லையே. அது எங்கடா?"

தண்ணீரில் போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். அத்தனை நாளாகப் பொய்யைச் சுமந்த வாய்க்கு அன்றைக்கு ஏனோ தெம்பில்லை.

"எங்கிட்ட இருக்குக்கா. ரெண்டு இருக்கு. ரெண்டு அறுந்து போச்சு."

"எப்ப எடுத்த?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கையிலிருந்த மஞ்சளின் கொக்கி அவள் உள்ளங்கையில் பதிந்திருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அப்போ அன்னிக்கு நான் பெட்டியைத் திறந்து அணைப்பக்கம்னு கத்தினேனே," என்றாள், "நீ என் பக்கத்துலயேதானடா நின்னுக்கிட்டு இருந்த."